எலும்பு ஸ்கானில் தெரியும் கறுப்புப் புள்ளி எதைச் சொல்கிறது?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், தம்பி. உங்கள் அம்மாவுக்கு 61 வயது. 3 ஆண்டுகளுக்கு முன்னர் இடது மார்பில் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை நடந்தது. அன்றிலிருந்து, நோய் திரும்பாமலிருக்கக் கொடுக்கும் லெட்ரசோல் குளிசையை நாள் தவறாமல் எடுத்து வருகிறார். கடந்த மாரியில் உப்புவெளி வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இப்போது இரண்டு மாதமாக நாரி வலி நீடிப்பதால் வைத்தியர் எலும்பு ஸ்கானுக்கு எழுதிக் கொடுக்க, கண்டிக்குச் சென்று அதைச் செய்து வந்து இரண்டு கிழமை ஆகிறது. வலப்பக்க ஏழாம், எட்டாம் விலா எலும்புகளிலும் நாரிப்பகுதியின் நாலாம் முள்ளென்பிலும் தடங்காட்டி மருந்து (ஊசியில் ஏற்றிய, கதிர்வீச்சு வெளிவிடும் மருந்து) கூடுதலாகப் படிந்திருப்பதாக அறிக்கை சொல்கிறது. படத்தில் அந்த இடங்கள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிவதைப் பார்த்ததிலிருந்து வீட்டில் ஒருவரும் சரியாக உறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டதா, ஊசியில் ஏற்றிய கதிர்வீச்சு பேரப்பிள்ளைகளுக்குத் தீங்கு செய்யுமா, இதற்குப் பதிலாக முதலிலேயே பெட் ஸ்கான் செய்திருக்க வேண்டாமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள்.

நான் வைத்தியர் அல்ல. அணு மருத்துவப் பிரிவில், இந்த ஸ்கான் படங்களை எடுக்கும் காமாக் கமெராவின் பக்கத்தில் பல ஆண்டுகள் நின்று வேலை செய்துவிட்டு, ஓய்வு பெற்றுத் திருகோணமலைக்குத் திரும்பியவன். ஆகவே அம்மாவுக்கு இன்ன நோய் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அந்தப் படம் எப்படி உருவாகிறது, அதில் எதை நம்பலாம், எதை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதைச் சொல்லும் அளவுக்கு அனுபவம் உண்டு.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அதன் பதிலை நீங்கள் இன்றைக்கே நடைமுறைப்படுத்தலாம். அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டு அம்மாவை வைத்திருக்கும் தனி அறையிலிருந்து அவரை வெளியே அழைத்து வாருங்கள். அவருக்கென ஒதுக்கி வைத்த தட்டையும் கோப்பையையும் மற்றவற்றோடு சேர்த்து வையுங்கள். பேரப்பிள்ளைகள் அவர் மடியில் ஏறட்டும். அவருக்கு ஏற்றப்பட்டது தெக்னீசியம்-99எம் என்ற கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள். அதன் அரைவாழ்வுக்காலம் 6 மணித்தியாலம், அதாவது ஒவ்வொரு 6 மணித்தியாலத்திலும் அதில் அரைவாசி தானாகவே அழிந்துவிடும். காலை 9 மணிக்கு ஊசி ஏற்றியிருந்தால், பிற்பகல் 3 மணிக்கு நீங்கள் வந்த பஸ் தம்புள்ளையை நெருங்கும்போது அரைவாசி போயிருக்கும். இரவு 9 மணிக்கு வீட்டில் கைகால் கழுவி இருக்கும்போது காற்பங்கு. மறுநாள் காலை அதே நேரத்தில் பதினாறில் ஒரு பங்கு. சிறுநீரோடு வெளியேறியதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவேயில்லை. 740 மெகாபெக்கரல் (கதிர்த்தொழிற்பாட்டை அளக்கும் அலகு) அளவு ஊசியில் ஏறத்தாழ 23 இலட்சம் கோடி தெக்னீசியம்-99எம் அணுக்கள் இருக்கும்; கேட்கப் பெரிய எண்ணாகத் தோன்றினாலும் அவற்றின் மொத்த நிறை சில நானோகிராம்தான். இரண்டு கிழமை என்பது 56 அரைவாழ்வுக்காலங்கள். 23 இலட்சம் கோடியை 56 முறை தொடர்ந்து பாதியாக்கிப் பாருங்கள்: இன்று அம்மாவின் உடலில் அந்த வகை அணு ஒன்றுகூட மீதியிருக்க வழியில்லை.

ஊசி ஏற்றிய அன்று ஒரு நாளைக்கு மட்டும் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெடுநேரம் அணைத்துக்கொண்டிருக்க வேண்டாம், நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும், மலசலகூடத்தில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும் என்று சொல்லியனுப்புவது வழக்கம். அந்த ஒரு நாள் அறிவுரையை அக்கம்பக்கத்தார் இரண்டு கிழமைத் தீட்டாக நீட்டிவிட்டார்கள் போலும். அம்மாவின் உடலுக்குக் கிடைத்த கதிர்வீச்சும் ஏறத்தாழ 4 மில்லிசீவர்ட் (உடலுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுதான். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் மனிதர் ஒருவருக்கு இயற்கையாகவே ஆண்டொன்றுக்குக் கிடைப்பது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். நம் மாவட்டத்துப் புல்மோட்டை மணலில் இல்மனைற், சேர்க்கோன் ஆகிய கனிமங்களோடு, இயற்கையாகவே கதிர்வீச்சு வெளிவிடும் தோரியம் கலந்த மொனசைற்றும் உண்டு என்பதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கதிர்வீச்சு என்ற சொல்லே நம்மை இவ்வளவு கலங்கடிக்கத் தேவையில்லை.

இனி முதலாவது கேள்வி. இதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், இந்த ஸ்கான் புற்றுநோயைப் படம் பிடிப்பதில்லை என்ற ஒரு செய்தியை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அது படம் பிடிப்பது எலும்பின் வேலையை.

வீதியால் போகும்போது ஒரு வீட்டு வாசலில் சீமெந்து மூட்டையும் மணலும் சல்லியும் குவிந்து கிடப்பதைக் கண்டால், உள்ளே மேசன்மார் வேலை செய்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்லலாம். சுவர் ஏன் இடிந்தது என்று சொல்ல முடியாது. மழையில் ஊறி விழுந்திருக்கலாம், லொறி வந்து மோதியிருக்கலாம், கறையான் தின்றிருக்கலாம்; பழைய வீடு என்பதால் சும்மா ஒரு பூச்சு வேலையாகவும் இருக்கலாம். எலும்பும் அப்படித்தான். உயிருள்ள எலும்பு ஒருநாளும் சும்மா இருப்பதில்லை. ஒரு வகைக் கலங்கள் அதைக் கரைத்துக்கொண்டும், இன்னொரு வகைக் கலங்கள் அந்த இடத்தில் புதிய எலும்பைக் கட்டிக்கொண்டும் இருக்கின்றன. ஊசியில் தெக்னீசியத்தோடு பிணைத்து ஏற்றப்படும் எம்.டி.பி. என்னும் பொஸ்பனேற்றுச் சேர்வை, புதிதாகப் படியும் கல்சியம் பொஸ்பேற்றுப் பளிங்குகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. கட்டும் வேலை எங்கே மும்முரமாக நடக்கிறதோ, இரத்த ஓட்டம் எங்கே கூடியிருக்கிறதோ, அங்கே அது கூடுதலாகச் சேரும். ஏற்றிய மருந்தில் ஏறக்குறைய அரைவாசி எலும்பில் தங்க, மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றும். இரத்தத்திலும் தசையிலும் உள்ளது குறைந்து எலும்பு தெளிவாகத் தெரிவதற்காகவே ஊசிக்கும் படத்துக்கும் இடையில் இரண்டு முதல் நான்கு மணித்தியாலம் காத்திருக்க வைக்கிறார்கள். பிறகு தெக்னீசியம் வெளிவிடும் காமாக் கதிர்களைக் கமெரா எண்ணி, அதிகம் வந்த இடத்தைக் கறுப்பாகக் காட்டும்.

ஆகவே கறுப்புப் புள்ளி என்றால் சீமெந்து குவிந்து கிடக்கிறது என்று மட்டுமே பொருள். புற்றுநோய்க் கலங்கள் எலும்புக்குள் புகுந்தால் அங்கே அழிவும் அதைத் தொடர்ந்து திருத்த வேலையும் நடக்கும். அதனால் புள்ளி தோன்றும். எலும்பு முறிவு, மூட்டுத் தேய்மானம், எலும்பில் ஏற்படும் கிருமித்தொற்று, எலும்பு ஒழுங்கின்றித் தடிக்கும் பேஜெற் நோய் ஆகியவற்றிலும் இதே வேலை நடக்கும், இதே புள்ளி தோன்றும். பிழையில்லாத உடலிலும் சில இடங்கள் கறுப்பாகவே இருக்கும்: சிறுநீரகங்கள், சிறுநீர்ப்பை, இடுப்பெலும்பும் முள்ளந்தண்டின் அடியிலுள்ள திரிகமும் சந்திக்கும் மூட்டு, வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகள். படத்தை வீட்டில் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இடுப்புக்கு நடுவிலே பெரிய கட்டி” என்று அழுதபடி திரும்பி வந்த குடும்பம் ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. அது நிரம்பிய சிறுநீர்ப்பை.

அப்படியானால் இவ்வளவு குழப்பம் தரும் பரிசோதனையை ஏன் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். சாதாரண எக்ஸ்-றே படத்தில் ஒரு பாதிப்புத் தெரிய வேண்டுமானால் அந்த இடத்தில் எலும்பின் கனிமத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை குறைந்திருக்க வேண்டும். எலும்பின் வேலையோ அதற்குப் பல மாதங்கள் முன்பே மாறத் தொடங்கிவிடும். அதோடு, தலையோட்டிலிருந்து கால்விரல் வரை முழு எலும்புக்கூட்டையும் ஒரே கிடையில், அரை மணித்தியாலத்துக்குச் சற்று முன்பின்னாக, அதிகச் செலவில்லாமல் பார்த்துவிடலாம். மார்பு, ஆண்களின் முன்னிற்கும் சுரப்பி (புரொஸ்டேட்), நுரையீரல், சிறுநீரகம், தைரொயிட் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் எலும்பை நாடிச் செல்பவை. இரத்தக் கலங்களை ஆக்கும் செந்நிற என்புமச்சை நிறைந்திருப்பதால் முள்ளந்தண்டு, விலா, இடுப்பெலும்பு, தொடையெலும்பின் மேற்பகுதி ஆகியவையே அவை பெரும்பாலும் தங்கும் இடங்கள். வால்வு இல்லாத நாளங்களின் வலை ஒன்று முள்ளந்தண்டைச் சுற்றி இருப்பதையும், அதன் வழியே இடுப்புப் பகுதியிலிருந்தும் மார்பிலிருந்தும் கலங்கள் நுரையீரலைத் தொடாமலே முள்ளந்தண்டை அடையலாம் என்பதையும் 1940ஆம் ஆண்டில் ஒஸ்கர் பற்சன் எடுத்துக் காட்டினார். நம் நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படும் வாய்ப் புற்றுநோய் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. வெற்றிலையும் புகையிலையும் கொண்டுவந்து விடும் அந்த நோய்க்கு எலும்பு ஸ்கான் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. மார்புப் புற்றுநோயிலும்கூட, ஆரம்ப நிலையில், வலியோ வேறு அறிகுறியோ இல்லாத எல்லோருக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை என்பதே இன்றைய மருத்துவ நடைமுறை. உங்கள் அம்மாவுக்கு இரண்டு மாத வலி இருந்ததால் எழுதிக் கொடுத்தார்கள். அது நியாயமான முடிவு.

தெக்னீசியத்தைப் பற்றி ஒரு சிறு விலகல், பொறுத்துக்கொள்ளுங்கள். 1937ஆம் ஆண்டில் இத்தாலியின் பலெர்மோ நகரில் கார்லோ பெரியேரும் எமிலியோ செக்ரேயும், பெர்க்லியிலிருந்து வந்த கதிர்பட்ட மொலிப்டினத் தகட்டில் இதைக் கண்டெடுத்தார்கள். மனிதர் செயற்கையாக ஆக்கிய முதல் மூலகம் என்பதால் கிரேக்க மொழியில் ‘செயற்கையானது’ என்று பொருள்படும் பெயர் அமைந்தது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் புறூக்ஹேவன் ஆய்வுகூடம் இதைப் பிரித்தெடுக்கும் பிறப்பாக்கியைச் செய்தது. இதை எலும்புக்குக் கொண்டுபோகும் வழியை 1971இல் வெளியிட்டவர்கள் கோபால் சுப்பிரமணியனும் ஜோன் மக்கஃபியும். இன்றுவரை நாம் பயன்படுத்தும் எம்.டி.பி. சேர்வையை 1975இல் அறிமுகப்படுத்திய ஆய்விலும் சுப்பிரமணியனின் பெயரே முன்னிற்கிறது. உங்கள் அம்மாவின் கையில் ஏறிய மருந்தின் வரலாற்றில் நம்மவர் பெயர் போன்ற ஒரு பெயர் இருப்பது எனக்கு எப்போதும் ஒரு சிறு பெருமை.

அந்தப் பிறப்பாக்கி வேலை செய்யும் விதத்தில் நம் நோயாளர்களின் ஓர் அலைச்சலுக்கும் விளக்கம் உண்டு. ஈயக் கவசத்துக்குள் இருக்கும் சிறு குழாயில் மொலிப்டினம்-99 படிந்திருக்கும். அது மெல்ல அழிந்து தெக்னீசியமாக மாறிக்கொண்டிருக்க, காலையில் உப்புக் கரைசலை அதனூடாகச் செலுத்தித் தெக்னீசியத்தை மட்டும் எடுப்போம். கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களில் எருமை கறப்பதைப் போலத்தான்: இன்று கறந்தால் நாளைக் காலை மடி மீண்டும் நிரம்பியிருக்கும். ஆனால் மொலிப்டினத்தின் அரைவாழ்வுக்காலம் 66 மணித்தியாலம் என்பதால் ஒரு கிழமையில் மாட்டின் வலு ஆறில் ஒரு பங்காக வற்றிப்போகும், புதியது வரவேண்டும். இலங்கையில் அணு உலை இல்லை. எல்லாம் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருவது. உலகில் மொலிப்டினம் ஆக்கும் உலைகளும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2009இல் கனடாவின் சோக் றிவர் உலை பழுதடைந்து நின்றபோது உலகம் முழுவதும் ஸ்கான்கள் தடைப்பட்டன. ஆகவே திகதி மாற்றப்பட்டுவிட்டது என்று கடைசி நேரத்தில் தொலைபேசி வந்தால், அது பெரும்பாலும் அலட்சியமல்ல, வந்து சேராத ஒரு பெட்டி. திருகோணமலையிலிருந்து விடியப்புறம் புறப்படுகிறவர்கள் முதல்நாள் மாலையில் ஒரு முறை அழைத்துக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. அப்படியே, எலும்பு ஸ்கானுக்கு வெறுவயிறு தேவையில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்; நீரிழிவு உள்ள முதியவர்கள் பட்டினியாக ஐந்து மணித்தியாலம் பஸ்ஸில் வந்து மயங்கி விழுவதைக் கண்டு நொந்திருக்கிறேன்.

இனி உங்கள் அறிக்கைக்கு வருவோம். விலா எலும்புகளில் அடுத்தடுத்து இரண்டு, மூன்று எலும்புகளில், ஒரே நேர்கோட்டில், சிறு வட்டப் புள்ளிகளாகத் தெரிந்தால், விழுந்ததில் அல்லது இடிபட்டதில் ஏற்பட்ட வெடிப்பையே முதலில் நினைப்போம். விழும் உடல் ஒரு விளிம்பில் மோதும்போது அந்த விளிம்பு அடுத்தடுத்த எலும்புகளை ஒரே வரிசையில் அடிக்கும். புற்றுநோய்க்கு அந்த ஒழுங்கு கிடையாது. அது எழுந்தமானமாகத் தங்கும், தங்கிய எலும்பின் நீளவாட்டில் இழுபட்டுப் பரவும். முறிந்த விலா எலும்பில் திருத்த வேலை பல மாதங்களுக்கு, வயதானவர்களில் ஓராண்டுக்கு மேலும்கூட, ஸ்கானில் தெரிந்துகொண்டிருக்கும். அம்மா மாரியில் கிணற்றடியில் விழுந்ததை ஸ்கான் அறையில் யாரிடமாவது சொன்னாரா? உங்கள் கடிதத்தில் அது குறிப்பிடப்பட்டிருக்கிறது. நீங்கள் எனக்கு எழுதிய அறிக்கை வாசகத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விழுந்ததைச் சொல்லாமல் விட்டால் வாசிப்பவருக்கு ஒரு கை கட்டப்பட்ட மாதிரி. “ஏதாவது விழுந்தீர்களா?” என்று கேட்டால் நம் அம்மாமார் “சும்மா ஒரு வழுக்கல்தான், ஒன்றுமில்லை” என்று சொல்லிவிடுவார்கள்.

நாரி முள்ளென்பு சற்றுச் சிக்கலானது. 60 வயதைக் கடந்தவர்களில் நாலாம், ஐந்தாம் நாரி முள்ளென்புகளின் சிறுமூட்டுகள் தேய்ந்து புள்ளி காட்டுவது மிகச் சாதாரணம். லெட்ரசோல், பெண் ஹோர்மோனான ஈஸ்திரஜனைக் குறைத்து எலும்பை மெலியச் செய்யும் மருந்து என்பதால், அதை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு முள்ளென்பு நசிந்து முறிவதும் உண்டு. அப்போது குறுக்காக ஒரு கோடு போலத் தெரியும். புற்றுநோய் பெரும்பாலும் முள்ளென்பின் உடலின் பின்பகுதியிலும் அதிலிருந்து பின்னே செல்லும் காம்பிலும் தங்கும். மேலிருந்து எடுத்த தட்டையான படத்தில் இவை ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் பிரித்துச் சொல்வது கடினம். அதனால்தான் உங்கள் அறிக்கையின் கடைசி வரியில் ஸ்பெக்ட்-சீ.ரீ. (காமாக் கமெராவின் முப்பரிமாணப் படத்தையும் சீ.ரீ. படத்தையும் சேர்க்கும் ஸ்கான்) அல்லது எம்.ஆர்.ஐ. செய்து ஒப்பிடுமாறு எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை நீங்கள் மரண அறிவித்தல் போல வாசித்திருக்கிறீர்கள். அதை எழுதியவர் சொல்வது, எனக்கு இதில் ஐயம் இருக்கிறது, அருகில் சென்று பார்க்கட்டும் என்பதுதான். விலாப் புள்ளிகள் விழுந்ததால் வந்தவையாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. முள்ளென்பைப் பற்றி, அருகில் சென்று பார்க்கும்வரை, நானும் எந்தப் பக்கமும் சாயமாட்டேன்.

நேர்மைக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஸ்கான் வெறுமையாக இருந்தால் நோய் இல்லை என்றும் எப்போதும் கொள்ள முடியாது. சில நோய்கள், குறிப்பாக மைலோமா எனப்படும் என்புமச்சைப் புற்றுநோய், எலும்பைக் கரைத்துவிட்டுத் திருத்த வேலைக்கு இடம் கொடுப்பதேயில்லை. வீடு இடிந்து கிடக்கும், ஒரு மேசனும் வந்திருக்கமாட்டார். சீமெந்தைத் தேடும் நம் கமெரா அந்த வீட்டைக் கடந்து போய்விடும். சிறுநீரக, தைரொயிட் புற்றுநோய்களிலும் இப்படி நேர்வதுண்டு. இதற்கு நேர்மாறாக, முற்றிய முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோயில் எலும்புக்கூடு முழுவதுமே மருந்தை உறிஞ்சி, எல்லாம் ஒரே சீராகக் கறுத்து, தனிப் புள்ளி எதுவும் இல்லாத அழகான படமாக வரும். அனுபவம் குறைந்த கண் அதை நல்ல படம் என்று எடுத்துவிடும். சிறுநீரகங்கள் மங்கியோ மறைந்தோ போயிருப்பதுதான் அங்கே துப்பு: எலும்பே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டதால் அவற்றுக்கு மீதியில்லை.

இன்னொன்று, சிகிச்சை தொடங்கிய சில மாதங்களில் எடுக்கும் ஸ்கானைப் பற்றியது. மருந்து நன்றாக வேலை செய்து புற்றுநோய் பின்வாங்கும்போது, அது விட்டுச்சென்ற குழிகளை அடைக்க எலும்பு முழு மூச்சாக இறங்கும். முதல் மூன்று மாதங்களில், சிலவேளை ஆறு மாதம் வரையிலும், புள்ளிகள் முன்னரைவிடக் கறுத்தும் எண்ணிக்கையில் கூடியும் தெரியும். நோயாளருக்கோ வலி குறைந்து பசி திரும்பியிருக்கும். படத்தை மட்டும் பார்த்துவிட்டு வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தை நிறுத்துவது பெரிய இழப்பு. அதனால்தான் இப்படியான வேளைகளில் சில கிழமைகள் விட்டு இன்னொரு ஸ்கான் எடுத்து, மேலும் புதிய புள்ளிகள் தோன்றுகின்றனவா என்று பார்த்த பிறகே நோய் முற்றியதாக முடிவு செய்கிறார்கள்.

கமெரா முன்னே நடக்கும் சிறு பிழைகளும் உண்டு. சிறுநீர்த் துளி ஆடையில் பட்டால் அதுவும் தொடையெலும்பில் ஒரு புள்ளியாக விழும். ஆடையை மாற்றிவிட்டுத் திரும்பப் படம் எடுத்தால் புள்ளி மறைந்துவிடும். நான் வேலை தொடங்கிய முதல் ஆண்டில் இதைக் கவனிக்காமல் ஒருவரை இரண்டு நாள் கலங்க வைத்திருக்கிறேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. தாலிக்கொடி அதற்கு எதிர்மாறு. தங்கம் காமாக் கதிரை மறைக்கும் என்பதால் மார்பெலும்பின் மீது ஒரு வெள்ளைப் பள்ளம் தெரியும், உண்மையில் அங்கே நோய் இருந்தால் அதையும் மறைத்துவிடும். மார்புப் புற்றுநோய் உள்ளவர்களில் மார்பெலும்புதான் நாம் மிகக் கவனமாகப் பார்க்கும் இடம். அங்கே தனித்து ஒரு புள்ளி தெரிந்தால் விலா எலும்புப் புள்ளியைப் போல இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. தாலியைக் கழற்றச் சொன்னால் பெண்கள் கலங்குவார்கள். கழற்ற வேண்டாம், அம்மா, தோளுக்கு மேலால் பின்னே எடுத்து விடுங்கள் என்று சொல்லிப் பழகிக்கொண்டோம்.

மூன்றாவது கேள்வி பெட் ஸ்கான். மக்களிடம் திரட்டிய நன்கொடையில் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு அந்தக் கருவி வந்தது முதல் எல்லோரும் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். புளோரின்-18 பிணைத்த குளுக்கோசைக் கொண்டு செய்யும் பெட் ஸ்கான், கலங்கள் எவ்வளவு சீனியை எரிக்கின்றன என்பதைப் பார்க்கிறது. அதற்குத்தான் வெறுவயிறும் சீனிக் கட்டுப்பாடும் வேண்டும். எலும்பைக் கரைக்கும் வகைப் பரவலை அது நன்றாகக் காட்டும், எலும்போடு மென்னிழையங்களையும் சேர்த்துப் பார்க்கும். ஆனால் எலும்பை இறுக்கித் தடிப்பாக்கும் வகைப் பரவலில் அது சிலவேளை பின்தங்கிவிடும். புளோரின்-18இன் அரைவாழ்வுக்காலமும் 110 நிமிடம்தான் என்பதால் மருந்தை நெடுந்தூரத்துக்குக் கொண்டுபோவது கடினம், நாள்கணக்கில் சேமித்து வைப்பதும் இயலாது, செலவும் பல மடங்கு. முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோயின் நிலைமை வேறு. அந்தக் கலங்களின் மேற்பரப்பில் உள்ள பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தில் நேரடியாகப் போய் ஒட்டும் மருந்து, மேசன்மாரைத் தேடாமல் கறையானையே தேடுவதைப் போன்றது. அவுஸ்திரேலியாவில் 302 ஆண்களில் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், எலும்பு ஸ்கானும் சீ.ரீ. ஸ்கானும் சேர்ந்து 65 சதவீதம் சரியாகச் சொன்ன இடத்தில் அது 92 சதவீதம் சரியாகச் சொன்னது. உங்கள் அம்மாவின் நோய்க்கு அது உரியதல்ல. அவருக்கு முதலில் எலும்பு ஸ்கான் எழுதியதில் தவறு எதையும் நான் காணவில்லை. இப்போது எழும் கேள்வி ஒரே ஒரு முள்ளென்பைப் பற்றியது என்பதால், அதற்குப் பெட் ஸ்கானைவிட எம்.ஆர்.ஐ. நேரடியான பதிலைத் தரக்கூடும். எதைச் செய்வது என்பதை உங்கள் வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

அடுத்த கிளினிக்குக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவரை காத்திருக்கலாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அம்மாவின் கால்களில் பலம் குறைந்தால், கால்களோ இருக்கையில் படும் பகுதியோ மரத்துப்போனால், சிறுநீரையும் மலத்தையும் அடக்க முடியாமலோ கழிக்க முடியாமலோ போனால், முள்ளந்தண்டுக்குள் செல்லும் நரம்புத் தண்டான முண்ணாண் நசிபடுகிறது என்று எடுத்துக்கொண்டு, இரவு பகல் பாராமல் அன்றே திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். அதில் மணித்தியாலங்கள் முக்கியம், மறுநாள் வரை பார்ப்போம் என்பதற்கு இடமில்லை. அடங்காத தாகம், மலச்சிக்கல், வாந்தி, வழக்கத்துக்கு மாறான குழப்பப் பேச்சு ஆகியவை சேர்ந்து வந்தாலும் தாமதிக்க வேண்டாம். எலும்பிலிருந்து கல்சியம் இரத்தத்தில் கூடினால் அப்படி வரும். நாரி வலி மட்டும் இருந்தால் எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடிப்பதை நிறுத்துங்கள். அந்த முள்ளென்பு ஏன் புள்ளி காட்டியது என்று தெரியும்வரை அதன்மேல் யாரும் பலம் பிரயோகிக்கக் கூடாது.

கிளினிக்குக்குப் போகும்போது ஸ்கான் அறிக்கையோடு படங்களையும் கொண்டுபோங்கள். அறிக்கையின் வாசகத்தை விடப் புள்ளியின் வடிவம் அதிகம் சொல்லும். அம்மா விழுந்த திகதியையும், எந்தப் பக்கமாக, எதன் மேல் விழுந்தார் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். விழுந்த மறுநாள் தனியார் மருந்தகம் ஒன்றில் காட்டி எக்ஸ்-றே எடுத்ததாகவும், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டதால் அதைப் பேணவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். புதிய விலா வெடிப்பு எக்ஸ்-றேயில் தப்பிப்போவது அடிக்கடி நடப்பதுதான். அலுமாரிக்கு மேலேயோ கட்டிலுக்குக் கீழேயோ அந்தப் படம் இன்னும் கிடந்தால், அம்மாவிடமே கேட்டுத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.